வலது மடல் நின்றுபோன மதியம்

விமானம் ஏரியின் மேலாகக் கென்யாவின் கிசுமு நகரை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது. அன்று ஓட்டுவது அபோண்டியின் முறை. துணை விமானியாகச் சேர்ந்து ஏழே மாதம். இடது இருக்கையில் கேப்டன் முத்திண்டா; இருபத்தாறு வருடம் பறந்தவர்.

"மடல் பதினைந்து," என்றாள் அபோண்டி.

விமானம் மெதுவாக இறங்க, இறக்கைகளின் பின்புற மடல்கள் இரண்டும் ஒன்றாகக் கீழே வளைய வேண்டும். கேப்டன் மடல் பிடியை நகர்த்தினார். இடது மடல் சற்று இறங்கியது. வலது மடல் ஐந்து டிகிரியிலேயே நின்றுவிட்டது. உடனே இரண்டும் பூட்டிக்கொண்டன. விமானம் வலப்பக்கம் சாயப் பார்த்தது. அபோண்டி கையிலிருந்த சக்கரத்தை இடப்பக்கம் திருப்பி இறுகப் பிடித்தாள்.

"மேல போயிடலாம் கேப்டன்."

"போ மா, போ."

ஏறினார்கள். பின்னால் நூற்றுப்பன்னிரண்டு பேர். கேப்டன் கட்டுப்பாட்டுக் கோபுரத்துக்குச் சொல்லிவிட்டு, இயல்பாக மடல் பிடியின் மேல் கையை வைத்தார்.

"ஒரு தடவை மேல தள்ளிட்டு இறக்கினா வந்துடும். வஜீர் ஊருக்குச் சரக்கு விமானம் ஓட்டுன காலத்துல தினமும் இதே வேலைதான்."

அது பழைய விமானங்களின் பழக்கம். இதில் அப்படிச் செய்தால் சாய்வு கையை மீறலாம். அபோண்டி அப்படித்தான் படித்திருந்தாள். தன் நினைவுதான் தப்போ? அவ்வளவு பெரியவரிடம் எப்படிச் சொல்வது? யோசித்து முடிப்பதற்குள் அவளுடைய இடது கை அவர் கைமேல் போய் அமர்ந்துவிட்டது.

"வேணாம், மஸேய்," என்றாள், ஊரில் பெரியவர்களை அழைக்கும் சொல்லில்.

கேப்டன் அந்தக் கையைப் பார்த்தார். பிடியை விட்டு, அவசரக் கையேட்டைப் புரட்டினார். முதல் வரியையே உரக்கப் படித்தார்: "மடல் பிடியை மீண்டும் நகர்த்தாதே."

கையேட்டை மடியில் வைத்துக்கொண்டார்.

"கல்யாணமாகி முப்பது வருஷத்துல என் பொண்டாட்டி கூட என் கையைப் பிடிச்சு நிறுத்தினதில்ல," என்றார்.

"மன்னிச்சிடுங்க கேப்டன்."

"எதுக்கு? சரி, சாய்வு எப்படி இருக்கு?"

"இழுக்குது. ஆனா பழகிடுச்சு."

இப்போது விமானத்தை அவர் தன் கையில் வாங்கிக்கொள்வார் என்று நினைத்தாள். கஷ்டமான தரையிறக்கம் என்றால் கேப்டன்கள் வாங்கிக்கொள்வதுதான் வழக்கம்.

"அப்ப உன் கைதான் அதுக்குத் தெரிஞ்ச கை. நீயே இறக்கு. நான் வேகம் சொல்றேன்."

வழக்கத்தைவிட வேகமாகத்தான் இறங்க முடியும். ஓடுபாதை முகத்துக்கு நேரே பாய்ந்து வந்தது. "அஞ்சு கூட... சரியா இருக்கு... ரொம்பச் சரி," என்று தூங்கப்போகும் குழந்தையிடம் பேசுகிற குரலில் சொல்லிக்கொண்டே வந்தார். சக்கரங்கள் அடித்துப் பதிந்தன. பாதையின் கடைசியில், பிரேக் சூட்டில் புகைய, விமானம் நின்றது.

தீயணைப்பு வண்டிகள் வந்தன, சக்கரங்கள் ஆறின, பயணிகள் இறங்கினார்கள். அபோண்டியால் எழ முடியவில்லை. கேப்டன் அறிக்கைத் தாளை எடுத்து எழுதத் தொடங்கினார். எட்டிப் பார்த்தாள். 'பிடியை மீண்டும் நகர்த்தப் போனேன். துணை விமானி தடுத்தார்.'

"அதை எழுதாதீங்க கேப்டன். யாரு கேக்கப் போறா?"

"என்னை மாதிரி பழைய கை இன்னும் நிறைய இருக்கு மா. அவங்க படிக்கட்டும்." பிறகு பெருமூச்சு விட்டார். "லுவோ இனத்து ஆளுங்க நீங்க ஏற்கெனவே பெருமை பேசுவீங்க. இனி உன்னைப் பிடிக்கவே முடியாது."

அவள் சிரித்தாள், கண் நிறைந்தது. அவர் நிமிரவில்லை. எழுத ஆறு வரிதான் இருந்தது. அவள் எழுந்து நிற்கும்வரை மெதுவாகவே எழுதினார்.