நகர்த்தக் கூடாத அடைப்புக்குறி

“சார், இந்தக் கட்டுரையிலேர்ந்து என் பேரை எடுத்துடுங்க.”

ஆய்வு வழிகாட்டியிடம் எதை வேண்டுமானாலும் கேள், இதை மட்டும் கேட்காதே என்று ஆய்வறையில் எனக்கு மூத்தவளான அக்கா படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். கேட்டுவிட்டேன். அவள் கணினிக்குப் பின்னால் தலையைக் குனிந்துகொண்டாள்.

வழிகாட்டி கண்ணாடியைக் கழற்றினார். “பேரைச் சேருங்கன்னு கெஞ்சுறவங்களைப் பாத்திருக்கேன். எடுங்கன்னு வந்தது நீதாம்மா.”

“மூணாவது படி தப்பு சார்.”

குவாண்டம் உலகில் நாம் அளக்கும் ஒவ்வொன்றையும் ஓர் அணியாக, எண்களை அடுக்கிய கட்டமாக, எழுதுகிறோம். இரண்டு அணிகளை இடம் மாற்றிப் பெருக்கினால் விடையே மாறிவிடலாம். எங்கள் கட்டுரையில் வருவது வேறு பெருக்கல்: இரண்டு வரிசையிலும் பெருக்கிக் கூட்டி, பாதியாக்குவது. இதில் வரிசையைப் பற்றிக் கவலையில்லை. அந்த நிம்மதியில்தான் கை வழுக்கும். மூன்றைப் பெருக்கும்போது எந்த இரண்டை முதலில் சேர்க்கிறோம் என்பது இங்கே உயிர். அவரோ மூன்றாவது படியில் பள்ளிக்கூடக் கணக்குபோல அடைப்புக்குறியை நகர்த்தியிருந்தார்.

கரும்பலகையில் எழுதினேன். எலக்ட்ரான் சுழற்சியின் இரண்டு அணிகள் போதும், எக்ஸ், இசட். எக்ஸை எக்ஸோடு சேர்த்து, பிறகு இசட்டைப் பெருக்கினால் இசட் வருகிறது. எக்ஸை முதலில் இசட்டோடு சேர்த்தாலோ பூஜ்யம். அதற்கப்புறம் மிச்சமிருக்கும் எக்ஸைப் பெருக்கித் தலைகீழாக நின்றாலும் பூஜ்யம்தான். எழுத எழுதவே பாதிக் கோபம் போய்விட்டது. கணக்கு யார் முகத்தையும் பார்த்துப் பேசாது. அதனால்தான் எனக்கு அதைப் பிடிக்கும்.

“சரிதான்,” என்றார். “ஆனா அனுப்ப இன்னிக்குதான் கடைசி நாள். படிக்கிறவன் இவ்வளவு தோண்டமாட்டான். உங்க வீட்டுல முதல் பட்டதாரி நீ. அச்சுல பேர் வர்றது சும்மாவா?”

சும்மா இல்லை. அந்தப் பக்கத்தைச் சட்டம் போட்டு மாட்ட அம்மா ஆணியே அடித்துவிட்டாள். போன கோபம் திரும்பி வந்தது.

“முதல் பட்டதாரின்னா தெரிஞ்சே தப்புக்குத் தலையாட்டணுமா சார்?”

“வாய் ஜாஸ்தி உனக்கு.”

“வாய் இல்லன்னா இந்த ரூம் வரைக்கும் வந்திருக்கவே மாட்டேன்.”

கணினிக்குப் பின்னால் அக்கா இருமினாள். சிரிப்பை அடக்கும் இருமல்.

“அப்ப வேற வழிகாட்டியத் தேடிக்கோ.”

“தேடிட்டேன் சார். காலையிலயே துறைத் தலைவர்கிட்ட வழிகாட்டிய மாத்தணும்னு சொல்லிட்டேன். அந்தப் படி இல்லாம என்ன மிஞ்சுதுன்னு நானே பாத்துக்கறேன்.”

அவர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு நடந்தேன். நன்றாகப் பசித்தது.