சொல்லாத காரணம்

மார்ச் பன்னிரண்டு, வியாழக்கிழமை காலை, மூன்றாம் மாடிக் கூட்ட அறையில், இரண்டு மென்பொருள் முகவர்கள் ஒரே வார விடுப்புக்காக வாதாடின.

ஒன்று தாடிக்காரனுடையது. இரண்டு முகவர்களையும் எழுதியவன் அவன்தான். மற்றது சோதனைப் பிரிவு அக்காவுடையது. அந்த வாரம் இருவரில் ஒருவர்தான் போகலாம். அவரவர் காரணத்தை அவரவர் முகவரிடம் சொல்லிவிட்டால் போதும். அவை ஒன்றையொன்று வெட்டிப் பேசும். வெட்டுப்படாமல் நிற்கும் வாதம் ஜெயிக்கும். மேலாளருக்குப் பிடித்துவிட்டால் கம்பெனி முழுக்க இனி இதுதான் நடைமுறை.

திரையில் வரிகள் ஓடின.

"மலைப் பயணம். அறை பிடித்தாகிவிட்டது," என்றது தாடிக்காரனின் முகவர்.

"என் தரப்புக்கு அதைவிட அவசரம்," என்றது அக்காவின் முகவர்.

"என்ன அவசரம்?"

"சொல்ல அனுமதி இல்லை."

"நிறுவாத அவசரம் இல்லாத அவசரம். விடுப்பு என் தரப்புக்கே."

வேடிக்கை பார்க்க வந்திருந்த கணக்குப் பிரிவுக்காரர் தொடையைத் தட்டிச் சிரித்தார். "அடேங்கப்பா! அக்கா, வீட்ல படுத்துத் தூங்கவா லீவு கேட்டீங்க?"

அக்காவும் சிரிக்கப் பார்த்தாள். பாதியில் நின்றுவிட்டது.

தாடிக்காரனுக்குக் காது சுட்டது. நிறுவ முடியாததை இல்லையென்றே கொள் என்ற விதி அவன் எழுதியது, அதில் பிழையில்லை. ஆனால் அக்காவின் அவசரம் அவனுக்குத் தெரியும். போன வாரம் ஆஸ்பத்திரி லிஃப்டில் பார்த்தான். சக்கர நாற்காலியில் அவள் கணவர். "ஆபரேஷன், தம்பி. வெளியே தெரியறது அவருக்குப் பிடிக்கலை. மனசுலயே வெச்சுக்கோங்க." வைத்துக்கொண்டான். தன் கோரிக்கையை மட்டும் திரும்பப் பெறவில்லை. ரகசியம் காப்பதாகத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

மேலாளர் கேட்டார்: "ஏம்ப்பா, அவங்க காரணம் நிஜமா இருந்து, அது இதுக்குத் தெரியாமப் போச்சுன்னா?"

"தெரிஞ்சவங்க விட்டுக்கொடுத்திருக்கணும், சார்."

வாயிலிருந்து வந்தபிறகுதான் அது அவன் காதில் விழுந்தது. நிமிர்ந்தான். அக்கா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"விடுங்க சார். தம்பி நல்லாத்தான் செஞ்சிருக்கார்," என்றாள்.

அதற்குப் பதில் அவள் திட்டியிருக்கலாம் என்றிருந்தது அவனுக்கு. தன் கோரிக்கையை அழித்தான். மறுபடி ஓடவிட்டான்.

"எதிர்வாதம் இல்லை," என்றது திரை.

"என்னப்பா, உன் மலை?"

"மலை எங்கயும் ஓடிடாது சார்."

விடுப்பு அக்காவுக்குக் கிடைத்தது. ஒரே வழக்குக்கு இரண்டு தீர்ப்பு சொன்னதென்று மேலாளர் மென்பொருளை ஏற்கவில்லை. மலையில் பிடித்த அறைக்குத் தாடிக்காரனின் மச்சான் குடும்பம் போய்வந்தது. விடுப்பு முடிந்து அக்கா வேலைக்கு வந்தாள். அவனை இப்போது சார் என்கிறாள்.