மூன்றாவது சவுண்ட் கார்டு

பதினான்கு வருடம் சவுதியில் தம்மாமில் ஜெனரேட்டர் அறையில் வேலை பார்த்துவிட்டு, அப்ரார் கோட்டைப்பட்டினம் கடைத்தெருவில் மொபைல் பழுது பார்க்கும் கடை போட்டு மூன்று வருடமாகிறது. வெள்ளிக்கிழமை கடைக்கு விடுமுறை. ஜும்ஆ தொழுகை முடிந்து சாப்பிட்டதும் பின்னறையில் இருக்கும் பழைய பென்டியம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால் சாயங்காலம் அஸர் தொழுகைக்குத்தான் எழுந்திருப்பான்.

பதினைந்து வயதில் அறந்தாங்கி கம்ப்யூட்டர் சென்டரில் அவன் ஆடிய கப்பல் விளையாட்டு அதில் இருந்தது. கப்பல் துறைமுகத்துக்குள் நுழையும்போது இசைக்கு மேலே ஒரு சின்ன மணி கிணுகிணுக்கும். அந்த மணிதான் இப்போது கேட்கவில்லை.

அந்தக் காலத்து விளையாட்டுகளில் இசை பதிவாகி இருக்காது. இன்ன சுரம், இன்ன வாத்தியம் என்ற குறிப்பு மட்டும் இருக்கும். அதைப் படித்து வாசிப்பது கம்ப்யூட்டருக்குள் செருகிய சவுண்ட் கார்டு. கார்டை மாற்றினால் அதே பாட்டு வேறு பாட்டாகிவிடும். இதற்காகவே நாடெங்கும் இருந்து நானூறு பேர் ஒரு வாட்ஸ்அப் குழுவில் கூடி, எந்தக் கார்டு உசத்தி என்று அடித்துக்கொண்டிருந்தார்கள். மூன்று கார்டுகளை ஒப்பிட்டு எழுதுகிறேன் என்று அப்ராரும் அங்கே சொல்லி வைத்திருந்தான்.

முதல் கார்டு பழைய இரும்புக் கடையில் கிடைத்தது, பேர் தெரியாத கம்பெனி. அதில் முரசு தகரத்தைத் தட்டியது போல ஒலித்தது. இரண்டாவது, அந்தக் காலத்தில் பேர்போன சவுண்ட் பிளாஸ்டர் கார்டு. முரசுக்கு உயிர் வந்துவிட்டது, மணி மட்டும் வரவில்லை. வயதான கார்டு, எங்காவது தேய்ந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டான். மூன்றாவது, நிஜ வாத்தியங்களின் ஒலியைத் தனக்குள் வைத்திருக்கும் நீளமான கார்டு. புதுக்கோட்டையில் பழைய கம்ப்யூட்டர் பாகங்கள் விற்கும் ஜெபக்குமாரிடம் நான்கு மாதம் சொல்லி வைத்து வாங்கியது. அதைச் செருகி, கதவைச் சாத்திக்கொண்டு கேட்டான். வயலின் குழைந்தது, முரசு அதிர்ந்தது. மணியைக் காணோம்.

அப்ரார் போன் செய்தான். "அண்ணே, கார்டுல கோளாறு இருக்கு. மேல் சத்தமே வரல."

"நான் போட்டுக் கேட்டுட்டுத்தான் பாய் அனுப்புனேன். திருப்பி அனுப்புங்க, பாக்குறேன்."

ஜெபக்குமார் அதில் இரண்டு கண்டென்சரை மாற்றி அனுப்பினார். அப்போதும் அப்படியேதான். ஏமாற்றப்பட்டோம் என்ற எண்ணம் அப்ராருக்கு உறுதியாகிவிட்டது. குழுவில் நீளமாக எழுதினான். செத்த கார்டைத் துடைத்துப் பளபளவென்று ஆக்கித் தலையில் கட்டுகிறார், யாரும் இவரிடம் வாங்காதீர்கள் என்று. கீழே ஒருவர் பின் ஒருவராகத் தங்களுக்கும் சந்தேகம் இருந்ததாக எழுதினார்கள். அதே குழுவில் இருந்த ஜெபக்குமார் ஒரு வரிகூட எழுதவில்லை.

இரண்டு மாதம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை மதியம் அவரே பஸ் ஏறி வந்துவிட்டார். தோளில் பை, பையில் ஸ்பீக்கர். அப்ராரின் மனைவி சாமியா கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு, "என் கண்ணு முன்னால ஒருக்கா போட்டுக் காட்டுங்க பாய்" என்றார்.

அப்ரார் விளையாட்டை ஓடவிட்டான். கப்பல் துறைமுகத்துக்குள் வந்தது.

"பாத்தீங்களா, மணி இல்ல" என்றான்.

ஜெபக்குமார் அவனையே பார்த்தார். கதவோரம் நின்ற சாமியாதான் பேசினாள்.

"என்னங்க, அடிக்குதே. கிண்கிண்ணு காதைக் கொடையுது."

அப்ரார் முதல் கார்டை மாட்டினான். சாமியா அடிக்கிறது என்றாள். இரண்டாவதை மாட்டினான். அதற்கும் தலையாட்டினாள். ஸ்பீக்கரில் காதை ஒட்டவைத்துக் கேட்டான். முரசின் அதிர்வு கன்னத்தில் பட்டது, அவ்வளவுதான். அவன் தலையை எடுத்தபோது ஜெபக்குமார் பையைத் தோளில் மாட்டிக்கொண்டிருந்தார்.

"காதைக் காட்டுங்க பாய்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

புதுக்கோட்டையில் காது டாக்டர் அவனைக் கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்துச் சோதித்தார். காகிதத்தில் அவன் காது கேட்கும் அளவைக் காட்டும் கோடு பாதிவரை சமமாகப் போய், மேல் சுரங்கள் வந்ததும் செங்குத்தாக விழுந்தது.

"மெஷின் ரூம்ல காதுக்கு ஏதாச்சும் மாட்டியிருந்தீங்களா?"

"குடுத்தாங்க சார். வெக்கை தாங்காம கழட்டிப் போட்டுருவோம்."

"போன சத்தம் போனதுதாங்க. மிச்சமும் கொஞ்சம் கொஞ்சமாக் கொறையும். காதுல மெஷின் வச்சுக்கலாம், பேச்சுக்கு ஒதவும்."

சாமியாவோடு ஊருக்குப் பஸ் ஏறினான். அறந்தாங்கி தாண்டியதும் குழுவைத் திறந்து, கோளாறு கார்டில் இல்லை, என் காதில்தான், ஜெபக்குமார் அண்ணன் மேல் ஒரு தப்பும் இல்லை என்று எழுதினான். ஆறுதல் சொல்லி நாற்பது பேர் எழுதினார்கள். ஜெபக்குமாரிடம் மறுபடி வாங்குவதைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை. உறுப்பினர் பட்டியலில் தேடினான். அவர் பெயரே இல்லை.

மறுநாள் காலையில் போன் செய்தான். ரிங் போய், எடுத்துவிட்டார். அப்ரார் தயார் செய்து வைத்திருந்ததையெல்லாம் சொன்னான். பதிலுக்கு அவர் பேசினார். குரல் வந்தது, சொற்கள் பிடிபடவில்லை. இத்தனை நாள் இரைச்சலான லைன் என்று எண்ணியிருந்தது இதுதான் என்று அப்போது தெரிந்தது. போனைச் சாமியாவிடம் நீட்டினான்.

அவள் காதில் வைத்துக் கேட்டாள். "கடையக் காலி பண்ணிட்டாராம். ஆர்டரே வரலையாம்" என்று மெல்லச் சொன்னாள். அவன் உதட்டைப் பார்க்கிறான் என்று கண்டு இன்னொரு முறை சத்தமாகச் சொன்னாள். பிறகு வெகுநேரம் கேட்டுக்கொண்டே இருந்தாள். நடுவில் ஒரு தடவை, "அப்புடிச் சொல்லாதீங்க அண்ணே" என்றாள்.

போனை வைத்ததும் அப்ரார் கேட்டான். "என்ன சொன்னாரு?"

"பரவாயில்லைன்னு சொல்றாரு."

"இவ்வளவு நேரமா?"

சாமியா முந்தானையால் போனைத் துடைத்து மேசையில் வைத்தாள். "அவ்வளவுதாங்க" என்றாள்.