எட்டில் நின்ற ரெஞ்ச்

1

இந்தக் கதை ஒரு தப்பிலிருந்து பிறந்தது, தப்பு என்னுடையது. பகலில் சைக்கிள் மெக்கானிக், மிச்ச நேரத்தில் கதை எழுதுகிறவள் நான். இரண்டிலும் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு, மறைக்கப்போவதில்லை.

முதல் வரியை மூன்று தரம் எழுதினேன். 'கார்பன் ஃபைபர் என்பது லேசிலும் லேசான, அதே சமயம்...' (அடித்துவிட்டேன், விளம்பரம் மாதிரி இருக்கிறது.) 'அன்று அவள் மிகவும் களைத்திருந்தாள்...' (பொய். பாடிக்கொண்டேதான் வேலை செய்தேன்.)

சரி, நேராகவே சொல்கிறேன். அக்கா வீட்டுக்காரரின் பந்தய சைக்கிளுக்கு நேற்று புதுசாகக் கார்பன் கைப்பிடி மாட்டினேன். நாளைக் காலை மலைப்பாதையில் அவருக்குப் பந்தயம்.

2

கார்பனிடம் அவசரம் ஆகாது. கிரீஸைத் தொடாமல், மணல் கலந்தாற்போல நறநறக்கும் பசையைப் பூசினேன். நான்கு போல்ட்டுகளையும் மூலைக்கு மூலை மாற்றி, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினேன். மேலும் கீழும் இடைவெளி ஒரே அளவு. டார்க் ரெஞ்சில் இவ்வளவுதான் இறுக்கவேண்டும் என்று ஒரு நம்பரை வைத்தால், அந்த அளவுக்கு இறுகியதும் 'க்ளிக்' என்று சத்தம் வரும். நான்கு போல்ட்டுக்கும் வந்தது.

இன்று காலை அதே ரெஞ்சை எடுத்தபோதுதான் பார்த்தேன், எட்டில் நிற்கிறது. கைப்பிடிக்கு முந்தைய வேலை ஓர் இரும்பு சைக்கிளின் சீட்டு. அதற்காக வைத்த எட்டு, மாற்ற மறந்திருக்கிறேன். இந்தக் கைப்பிடிக்கு ஐந்துதான்.*

(* நியூட்டன் மீட்டர். கணக்கு உங்களுக்கு வேண்டாம். அளவு தாண்டினால் கார்பன் உள்ளுக்குள் விரிசல் விடலாம், ஓட்டும்போது பட்டென்று முறியலாம் என்பது போதும்.)

3

இங்கே அந்த மெக்கானிக் பாத்திரத்தின்மேல் எனக்கே சந்தேகம். தெரிந்த உடனே போன் செய்யாமல் உட்கார்ந்து கதை எழுதுவாளா? எழுதினாள். மத்தியானம் வரை எழுதினாள். வெட்கமாக இருக்கிறது.

முதல் முடிவில் ஒன்றும் ஆகாமல் அவர் ஜெயித்தார். இரண்டாவது முடிவை ஆரம்பித்தேன்: 'இறக்கத்தில், மூன்றாவது வளைவில், மாமா...'

பேனாவை வைத்துவிட்டுப் போனை எடுத்தேன்.

“மாமா, நாளைக்கு அந்த சைக்கிளை எடுக்காதீங்க.”

“ஏம்மா? க்ளிக் சத்தத்தை நானே பக்கத்துல நின்னு கேட்டேனே.”

“கேட்டீங்க. தப்பான நம்பர்ல கேட்டீங்க. ஜாஸ்தியா இறுக்கிட்டேன், என் தப்புதான்.”

“நீயா? என் கொழுந்தியா கை பட்டா அப்பீலே இல்லன்னு எல்லார்கிட்டயும் சொல்லிவெச்சிருக்கேன். மானத்தை வாங்காத!” சிரித்தார். “தடவிப் பாத்துட்டேன், ஒரு கீறல்கூட இல்ல.”

“உள்ள விரிசல் விட்டா வெளியில தெரியாது மாமா.”

சிரிப்பு நின்றது. “ஆறு மாசமா இந்த ஒரு நாளுக்குத்தான் ஓட்டிப் பழகறேன். சரி, பாக்கலாம்.” வைத்துவிட்டார்.

4

அந்த 'பாக்கலாம்' எப்படிப்பட்டது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. என் பாத்திரங்கள் நான் சொன்னபடி கேட்பார்கள். இவர் கேட்கமாட்டார். எனக்குப் பயமாக இருக்கிறது.

ஆகவே முடிவை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். கதவைத் திறப்பது அவரா, அக்காவா, யார் யாரைத் திட்டுகிறார்கள், எல்லாம் உங்கள் இஷ்டம். எனக்கு நேரமில்லை, அவர் வீட்டுக்குக் கிளம்புகிறேன். கடையில் இருந்த வேறொரு கைப்பிடியைப் பையில் வைத்தாயிற்று. அவர் வேண்டாம் என்று அடம்பிடித்தால், நேற்று மாட்டியதை இரண்டாக அறுக்க ரம்பத்தையும் வைத்திருக்கிறேன்.