மூன்றாம் மண்டபத்து இரங்கல் உரை

எல்லாரும் சௌக்கியமா இருக்கீங்களா? வெயில் இப்படிக் கொளுத்துதே, தண்ணி குடிக்க மறந்துடாதீங்க. உடம்புக்கு முடியாதவங்க மெதுவா, நிழல்ல உக்காந்து படிங்க. இன்னைக்கு எங்க கடலோரத்து பாவோஜூ கதை.

புருஷன் கண்ணை மூடிய ஆறாம் நாள் காலையில் பாவோஜூ ஊராட்சி அலுவலகத்துக்கு வந்து, தன் மேசையில் உட்கார்ந்து, அவருடைய பெயரைத் தன் கையாலேயே பட்டியலில் ஏற்றினாள். விடுப்பில்தான் இருந்தாள். ஆனால் அந்தப் பட்டியலை வேறு யார் கையிலும் கொடுக்க அவளுக்கு மனசில்லை. ஊராட்சித் தலைவர் யென் எந்தக் கல்யாணத்துக்குப் போக வேண்டும், எந்தச் சாவுக்குப் போக வேண்டும் என்று பன்னிரண்டு வருஷமாக எழுதிக் கொடுப்பவள் அவள்தான். கல்யாணத்துக்குச் சிவப்பு மை, சாவுக்குக் கறுப்பு மை. அந்த வாரம் சிவப்பு நாலு, கறுப்பு ஏழு. ஏழாவது ரோங்ஹுய். எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் அந்தப் பெயரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தைவானின் மேற்குக் கடலோரத்தில் இருக்கிற எங்கள் ஊரில் தலைவர் யென்னின் முகத்தைப் பார்க்காமல் ஒரு நாளைக் கழிக்க முடியாது. குப்பை வண்டியின் பின்புறம் அவர் சிரிப்பார். கொசுமருந்து வண்டியில் கட்டைவிரல் தூக்கிக்கொண்டு நிற்பார். நாள்காட்டியில், தண்ணீர் பாட்டிலில், கோயில் விசிறியில், காகிதக் கைக்குட்டை உறையில் எல்லாம் அவர்தான். முன்னாலும் பின்னாலும் பெயர் அச்சடித்த கையில்லாச் சட்டையை எங்கே போனாலும் மாட்டிக்கொள்வார், சாவு வீட்டுக்கும் அதேதான். அவர் வந்தால் நடக்கிற சடங்கு நிற்க வேண்டும். பெற்ற மகள் பெட்டியின் மேல் விழுந்து அழுதுகொண்டிருந்தாலும் சரி, சடங்கு நடத்துகிறவர் "தலைவர் வந்துட்டார்" என்று ஒலிபெருக்கியில் அறிவிப்பார். தலைவர் மூன்று முறை குனிந்து வணங்குவார், பிறகு மைக்கைப் பிடிப்பார். பேச்சு எப்போதும் ஒன்றுதான். இறந்தவர் என் பழைய நண்பர். கடைசியாகப் பார்த்தபோது என் கையைப் பிடித்து, நீங்கள் இல்லாவிட்டால் இந்த ஊர் என்ன ஆகும் என்று கேட்டார். ஊரில் செத்தவர்கள் அத்தனை பேரும் அவர் கையைப் பிடித்து அதே வாக்கியத்தைச் சொல்லிவிட்டுத்தான் செத்திருந்தார்கள். யாரும் சிரிப்பதில்லை. சிரிப்பு வந்தால் ஊதுபத்திப் புகை கண்ணில் பட்டதுபோல முகத்தைத் துடைத்துக்கொள்வார்கள்.

அவரோடு வேலை பார்க்கிற வித்தையைப் பாவோஜூ மெல்ல மெல்லக் கற்றுக்கொண்டிருந்தாள். அவரிடம் முடியாது என்ற வார்த்தையைச் சொல்லக் கூடாது. எந்த யோசனையையும் அவரே சொன்னதுபோல அவர் வாயிலிருந்து வரவைக்க வேண்டும். இடது பக்கத்திலிருந்துதான் படம் எடுக்கச் சொல்ல வேண்டும். கோபம் வந்தால் எதிர்த்துப் பேசாமல் தேநீரை ஊற்ற வேண்டும், கோப்பை நிறையும் நேரத்தில் அவரே வேறு பேச்சுக்குப் போய்விடுவார். பதிவுப் பிரிவில் இருந்த ஒருத்தர் இதெல்லாம் தெரியாமல், "எங்க அம்மா சாவுல பேச்சு வேண்டாம் தலைவரே" என்று சொல்லிவிட்டார். அடுத்த வாரத்திலிருந்து அவருக்குக் குப்பைக் கிடங்கு வாசலில் லாரி எண் எழுதுகிற வேலை. பாவோஜூவுக்கு ஓய்வுபெற இன்னும் இரண்டு வருஷம் இருந்தது.

ரோங்ஹுய் பால்கெண்டை மீன் வளர்க்கிற குளம் வைத்திருந்தவர். நாளைக்கு இருபது வார்த்தை பேசினால் அதிகம். குளத்தில் காற்றடிக்கிற சக்கரம் சுற்றும் சத்தத்தைக் கேட்டே எந்தச் சக்கரத்துக்கு எண்ணெய் வேண்டும் என்று சொல்லிவிடுவார். ஒரு வருஷம் கடுங்குளிரில் குளம் முழுக்க மீன் செத்து வெள்ளையாக மிதந்தது. தலைவர் ஆறுதல் சொல்ல வந்தார். செத்த மீன் ஒன்றை ரோங்ஹுய் கையில் கொடுத்து, பக்கத்தில் நின்று, "இன்னும் கொஞ்சம் சோகமா" என்று சொல்லிப் பதினோரு படம் எடுக்கவைத்தார். ஊராட்சிப் பத்திரிகையில் வந்த படத்தில் தலைவர் முழுசாக இருந்தார். ரோங்ஹுய்யின் தோளும் மீனும் மட்டும் ஓரத்தில் தெரிந்தன. அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. படுக்கையில் விழுந்த பிறகுதான், பாவோஜூ கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம் சொன்னார்.

"என்னை எடுக்கிற அன்னைக்கு அந்த ஆளு மைக்கைப் பிடிக்க வேண்டாம், பாவோ. மத்ததெல்லாம் உன் இஷ்டம்."

"சரி" என்றாள். கஞ்சி ஆறிவிட்டிருந்தது, சூடாக்கிக் கொண்டுவந்தாள். எப்படி என்று அவரும் கேட்கவில்லை, அவளுக்கும் தெரியவில்லை.

பட்டியலைப் பார்த்ததும் தலைவர் அவளை உள்ளே கூப்பிட்டார். கண்ணாடி முன்னால் நின்று சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டிருந்தார்.

"உன் வீட்டுக்காரர் விஷயத்துல நான் கால் மணி நேரத்தோட விட மாட்டேன். அரை மணி நேரம் பேசறேன். நேரலைல போடச் சொல்லியிருக்கேன். எலெக்ஷன் வருதுல்ல, தலைவர் தன் ஊழியர்கள் மேல எவ்வளவு பாசம் வெச்சிருக்கார்னு ஜனங்க பார்க்கட்டும்."

"உங்களுக்கு ரொம்பப் பெரிய மனசு தலைவரே."

"அவர் பேர் என்ன சொன்னே?"

"சீட்டுல எழுதி மைக் பக்கத்துல வெச்சிடறேன்" என்றாள். பன்னிரண்டு வருஷத்தில் ஆறு தடவை தலைவர் ரோங்ஹுய்யைச் சந்தித்திருக்கிறார் என்று அவளுக்குக் கணக்குத் தெரியும்.

அடக்கத்துக்கு முந்தின நாள் சாயங்காலம், ஊர் ஈமச்சடங்கு நிலையத்தில் மகள் யூசுவானோடு பூ அடுக்கிக்கொண்டிருந்தாள். அவர்களுக்கு இரண்டாம் மண்டபம். மூன்றாம் மண்டபத்தில் நாற்பது வயசுப் பெண் ஒருத்தி தனியாக நாற்காலிகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். லிஃபென் என்று பெயர், தாய்ச்சுங் நகரத்தில் காலைச் சிற்றுண்டிக் கடை வைத்திருக்கிறாள். அவள் அப்பா சுயிமூ. ஊரில் எல்லோருக்கும் தெரிந்த ஆள். தள்ளுவண்டியில் பழைய அட்டைப்பெட்டி சேர்த்துக்கொண்டு, குடித்துவிட்டு, வாசல் வாசலாகச் சண்டை பிடித்துக்கொண்டு திரிந்தவர்.

"அக்கா, நீங்க ஊராட்சி ஆபீஸ்தானே?" என்றாள் லிஃபென். "எங்க அப்பாவுக்குத் தலைவர் வருவாரா?"

பாவோஜூவுக்குக் கையிலிருந்த பூவை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. பட்டியலிலிருந்து சுயிமூவின் பெயரைத் தலைவர் அடித்துவிட்டதை அவள் பார்த்திருந்தாள். இருபது பேர்கூட வராத சாவுக்கு தன் பெயர் போட்ட இரங்கல் துணியை அனுப்பித் தொங்கவிட்டால் போதும் என்பது அவர் வைத்திருந்த விதி.

"எதுக்கும்மா அவரு? வந்தா கால் மணி நேரம் தன்னைப் பத்தியே பேசுவார்."

"பேசட்டுமே அக்கா. முப்பது நாற்காலி போட்டிருக்கேன். நான் ஒருத்தி, கடையில வேலை பாக்கற பொண்ணு ஒருத்தி. எங்கப்பா யார்கிட்டயும் நல்ல பேர் வாங்கினதில்ல, எனக்குத் தெரியாதா? ஆனா போற நாள்ல யாராவது வந்து நின்னு ரெண்டு வார்த்தை நல்லதா சொன்னா, பொய்யா இருந்தாலும் பரவாயில்ல."

பாவோஜூ அவளையே பார்த்தாள். பிறகு பூவைக் கீழே வைத்துவிட்டு, "உங்க நேரமும் ஒன்பதரைதானே?" என்று கேட்டாள்.

இரண்டு பெண்களும் அந்த நாற்காலிகளிலேயே உட்கார்ந்து ரொம்ப நேரம் பேசினார்கள். பாவோஜூ எதையும் மறைக்கவில்லை. தன் புருஷனுக்காகத்தான் தலைவரை இந்த மண்டபத்துக்குத் திருப்பிவிடப் பார்க்கிறேன் என்றும், உனக்குத் துளி சங்கடம் என்றாலும் வேண்டாம் என்றும் சொன்னாள். லிஃபென் கேட்டுவிட்டு, "மாட்டிக்கிட்டா உங்களைக் குப்பைக் கிடங்குக்கு அனுப்பிடுவாரே" என்றாள்.

"அங்க எங்கப்பாவோட சிநேகிதங்க நிறைய பேர் இருப்பாங்க, உங்களை நல்லா பாத்துப்பாங்க" என்றும் சேர்த்துக்கொண்டாள். புருஷன் போய் ஆறு நாளுக்கு மேல் ஆகியிருந்தது, பாவோஜூ அன்றைக்குத்தான் சிரித்தாள்.

மறுநாள் விடிந்ததும் தலைவரின் ஓட்டுநர் குன்செங்கைப் போனில் பிடித்தாள்.

"மூணாவது மண்டபம். பக்கவாட்டு வாசல்ல நிறுத்து."

"மாமாவுக்கு ரெண்டாவதுன்னு இல்ல போட்டிருக்கு?"

"ஆமா."

குன்செங் வாயிலிருந்த பாக்கை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றுகிற சத்தம் கேட்டது. "நான் இன்னைக்குக் கண்ணாடியை வீட்ல வெச்சுட்டு வந்துடறேன் அக்கா. வயசாச்சுல்ல."

அடுத்து தலைவருக்குப் பேசினாள். "தலைவரே, ஒரே ஒரு விண்ணப்பம். பேச்சுல என் பேரைச் சொல்லாதீங்க. அப்புறம் ஜனங்க என்னைத் திரும்பிப் பார்ப்பாங்க. இன்னைக்கு அவங்க உங்களை மட்டும்தான் பார்க்கணும்." "நானும் அதையேதான் நினைச்சேன்" என்றார் தலைவர்.

ஒன்பதரைக்கு மூன்றாம் மண்டபம் நிரம்பியது. தலைவரோடு எப்போதும் வருகிற ஊராட்சி உறுப்பினர்கள், மகளிர் சங்கத்தார், மீனவர் சங்கத்தார் என்று முப்பது நாற்காலியும் போதாமல் ஆட்கள் சுவரோரம் நின்றார்கள். சணல் முக்காடு முகத்தை மறைக்க லிஃபென் மண்டியிட்டிருந்தாள். தலைவர் அவள் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு மைக்கை வாங்கினார். படச் சட்டத்துக்குள்ளிருந்து சுயிமூ யாரோடோ சண்டைக்குக் கிளம்பியவர்போல முறைத்துக்கொண்டிருந்தார். வந்திருந்த அத்தனை பேரும் அந்தப் படத்தைப் பார்த்தார்கள், பிறகு ஒருவரையொருவர் பார்த்தார்கள். முன்வரிசையில் இருந்த மீனவர் சங்கத்துக் கிழவர் தொண்டையைச் செருமினார். அவ்வளவுதான். எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். நேரலை எடுத்த பையன் வழக்கம்போலத் தலைவரின் இடது கன்னத்தை மட்டும் எடுத்தான்.

"சுயிமூ என் பழைய நண்பர்" என்று தலைவர் மைக் பக்கத்திலிருந்த சீட்டைப் பார்த்து ஆரம்பித்தார். "கடைசியா பார்த்தப்போ என் கையைப் பிடிச்சுக்கிட்டார்..."

முக்காட்டுக்குள் லிஃபென் விம்மி விம்மி அழுதாள். அது வேஷமில்லை.

பக்கத்து மண்டபத்துக்கு அந்தக் குரல் சுவர் வழியாக ஒரு முணுமுணுப்பாக மட்டும் வந்தது. அங்கே பேச்சு இல்லை. அக்கம்பக்கத்துக் குளத்துக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து, ஊதுபத்தி வைத்து, ரோங்ஹுய் முகத்தை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு உட்கார்ந்தார்கள். பாவோஜூ மகளின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கல்யாணமான புதிதில் இரண்டு பேரும் குளத்துக் கரையில் உட்கார்ந்து இப்படித்தான் மணிக்கணக்காகப் பேசாமல் இருப்பார்கள். அந்த அமைதி அவளுக்கு அப்போது சலிப்பாக இருந்ததுண்டு.

சுவருக்கு அந்தப் பக்கம் கைதட்டல் கேட்டு அடங்கியது. கொஞ்ச நேரத்தில் வாசலில் செருப்புச் சத்தம். யூசுவான் திரும்பிப் பார்த்தவள் அம்மாவின் விரல்களை இறுக்கினாள்.

"அம்மா, தலைவர் வந்து நிக்கறார்."

பாவோஜூ திரும்பவில்லை. தன் முதுகைத் தாண்டி அவர் பார்வை ரோங்ஹுய்யின் படத்துக்குப் போவதும், அங்கிருந்து மறுபடி தன் தலைமேல் வந்து நிற்பதும் அவளுக்குத் தெரிந்தது. முந்தின ராத்திரி முழுக்க அவள் கற்பனை செய்து பயந்த கணம் இதுதான். ஆனால் இப்போது பயம் வரவில்லை. கால்தான் வலித்தது.

வாசலில் நின்ற தலைவருக்கு இங்கே அறிவிப்பு இல்லை. படம் எடுக்கிற பையன் வண்டிப் பக்கம் போய்விட்டான். மைக்கும் இல்லை. அவர் உள்ளே வந்தது புரிந்துகொண்டதாலா, வெளியே வெயில் தாங்காமலா, குடிக்கத் தண்ணீர் தேடியா என்று யாராலும் சொல்ல முடியாது. கடைசி வரிசையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கிறீச்சிட்டது. உட்கார்ந்துவிட்டார். பக்கத்திலிருந்த குளத்துக்காரர், யாரென்று பார்க்காமலே, கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார். மின்விசிறி ஒரு சுற்று சுற்றி வந்தது. ஊதுபத்திப் புகை எல்லார் தலைக்கும் மேலே ஒரு பக்கமாகச் சாய்ந்து, மறுபடி நிமிர்ந்து நின்றது.

உங்க ஊர்லயும் இப்படி ஒருத்தர் இருப்பார்தானே. அவரை நீங்க எப்படிச் சமாளிச்சீங்கன்னு கீழே எழுதுங்க, நான் ஒண்ணு விடாமப் படிப்பேன்.