பல்லால் உரித்த கம்பி

காயில்காரர் உடம்பில் இருக்கும் செம்பை உருக்கினால் ஊருக்கே மின்கம்பி இழுக்கலாம் என்று அவர் மனைவி மருத்துவமனை நர்ஸிடம் அடித்துச் சொன்னாள். நாற்பது வருஷமாக மோட்டார்களுக்குக் காயில், அதாவது செம்புக் கம்பி, சுற்றுகிறவர். கம்பி முனையின் வார்னிஷை உரிக்கக் கத்தி தேட மாட்டார், பல்தான். அந்தப் பல் மலைக்கே தோலுரிக்கும்.

புராஸ்டேட் புற்று எலும்புக்குள் போய், பழைய மருந்துகள் எல்லாம் கைவிரித்த பிறகு அவரை ஒரு மருந்துச் சோதனையில் சேர்த்திருந்தார்கள். புற்று வளரச் செம்பு வேண்டுமாம். அதைக் குறைத்தால் நோய் அடங்குமா என்று பார்க்கிறார்கள். மாதம் ஒன்றாகியும் ரத்தத்தில் செம்பு இறங்கவில்லை.

"பல்லால கடிச்சுக் கடிச்சே சேர்த்து வச்சிருக்காரு!"

"அதனால எல்லாம் இப்படி ஏறாதும்மா. மருந்தைக் கூட்டியிருக்கோம், பொறுங்க."

யார் பொறுப்பது? அன்றே அவர் பட்டறையிலிருந்த கம்பிச் சுருளையெல்லாம் அடுத்த தெருப் பட்டறைக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டாள்.

"என்னையும் சேர்த்துக் குடுத்துடேன்டி."

"உங்களை எவன் வாங்குவான்?"

எட்டாவது வாரம் செம்பு சரசரவென இறங்கியது. அவள் லிஃப்டில் வந்த அத்தனை பேரிடமும் சொல்லி முடித்துவிட்டுத்தான் டாக்டர் அறைக்குள் போனாள். டாக்டர் இன்னொரு தாளைத் திருப்பிக் காட்டினார். நோயின் வேகத்தைக் காட்டும் பிஎஸ்ஏ அளவு இரண்டு மடங்கு. ஸ்கேனில் முதுகெலும்பெங்கும் புதுப் புள்ளிகள்.

"செம்பு நாங்க சொன்னதைக் கேட்டுடுச்சும்மா. நோய்தான் கேட்கல. மருந்தை நிறுத்திடறோம்."



மறுநாள் காலை அவர் காலிப் பட்டறையில் போய் உட்கார்ந்தார். தையல்காரர் ஒருவர் பழுதுபார்க்கக் கொடுத்த மின்விசிறி, பாதிக் கம்பி மட்டும் சுற்றியபடி மேசையில் கிடந்தது. அவள் செருப்பைக்கூட மாட்டாமல் அடுத்த தெருவுக்கு ஓடி, ஒரு சுருளைத் திருப்பிக் கேட்டு வாங்கிவந்தாள்.

அவர் சுற்றினார். சுற்று எண்ணிக்கை மறக்கும்போதெல்லாம் அவள் எண்ணினாள். கடைசியில் முனையை வாய்க்குக் கொண்டுபோனார். மலையை உரித்த பல். கடிக்கத் தாடையில் பலமில்லை. இரண்டு தடவை கடித்துப் பார்த்துவிட்டுக் கம்பியை மடியில் போட்டார்.

அவள் எடுத்துத் தன் பல்லில் வைத்தாள்.

"அழுத்தாதடி, அறுந்துடும். லேசா இழு."

இழுத்தாள். முனை பளபளவென்று வெளியே வந்தது.

"எப்படி இருக்கு?"

"ஒரே கசப்புங்க."

"நாப்பது வருஷம்," என்றார் அவர். "ஒரு நாளாவது உன்கிட்ட சொல்லியிருக்கேனா?"

அவள் அடுத்த முனையைக் கேட்டுக் கையை நீட்டினாள்.