உச்சம் யாருடையது

மார்கிலானில் கல்யாணத்தன்று விடிந்ததும் ஆண்களுக்குப் பிலாவ், அதாவது இறைச்சிச் சோறு, போடுவார்கள். ஒரு பந்தி எழுந்தால் அடுத்த பந்தி. அந்த அவசரத்தையும் கட்டிப்போடுவது எங்கள் பாட்டு ஒன்றுதான். வாத்தியமே கிடையாது. இரண்டு பாடகர்கள், ஆளுக்கொரு பீங்கான் தட்டு. வாயை ஒட்டித் தட்டைப் பிடித்துப் பாடினால் முற்றத்தின் கடைசிச் சுவர்வரை குரல் போகும்.

மாறி மாறிப் பாடி, படிப்படியாக மேல் ஸ்தாயிக்கு ஏறுவோம். கடைசி உச்சம் மூத்தவனுக்கு, அதாவது எனக்கு. இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு தடவைகூட என் ஜோடிப் பாடகன் மமசோலிக்கு அதை நான் விட்டுக்கொடுத்ததில்லை. என் பிறவிக்குணம் அப்படி.

அன்று அரசு இசைக்குழுத் தலைவர் கோசிம் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். தலைமைப் பாடகர் இடத்துக்கு நான் தேறுவேனா என்று என் பாட்டைக் கேட்க வந்திருந்தார். வாழ்நாளெல்லாம் நான் காத்திருந்த இடம். பாழாய்ப்போன தொண்டையோ ஒரு வாரமாக உச்சத்தைத் தொட்டாலே கிழிந்தது.

பிலாவ் கொப்பரைக்குப் பின்னால் மமசோலியை இழுத்துக்கொண்டு போனேன்.

"இன்னிக்கு உச்சத்தை நீ பாடுடா. நான் தட்டால வாயை மறைச்சுக்கறேன். தோளோட தோள் ஒட்டி நின்னா யாருக்குத் தெரியப்போவுது?"

"என்னண்ணே, சூரியன் மேற்கே உதிச்சிருக்கா? இத்தனை வருஷமா பாதிப் படியிலயே இறக்கி விட்டீங்க. இப்போ ஏறுங்கறீங்க, அதுவும் முக்காடு போட்டுக்கிட்டு!"

"கால்ல விழணுமா?"

அவன் சட்டை நுனியால் தட்டைத் துடைத்தான். "அதெல்லாம் வேணாம். ஆனா கண்ணை மூடிப்பேன். உங்க மூஞ்சியப் பாத்தா எனக்குச் சுருதி போயிடும்."

முதல் இரண்டு படிகளை எப்படியோ ஒப்பேற்றினேன். மூன்றாவதில் குரல் காற்றாகப் போனது. கோசிம் தேநீர்க் கிண்ணத்தைக் கீழே வைத்தார். உச்சம் வந்தது. தட்டைத் தூக்கி, சத்தமில்லாமல் வாயைத் திறந்தேன்.

பக்கத்திலிருந்து குரல் எழுந்தது. சமாளித்துவிடுவான் என்றுதான் நினைத்திருந்தேன். பாவி, என்னைவிட நன்றாகப் பாடினான். என் நல்ல காலத்தில்கூட நான் அப்படிப் பாடியதில்லை.

"யாஷா, எர்காஷ்! யாஷா!" என்று முற்றமே என் பெயரைச் சொல்லி வாழ்த்திக் கத்தியது. கோசிம் என்னைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பொறாமையில் வயிறு எரிந்தது. வெட்கம் அதைவிட எரிந்தது.

தட்டை இறக்கினேன். என் வாய் மூடியிருந்தது.

கூச்சல் பாதியில் நின்றது. சோற்றை அள்ளிய கைகள் அப்படியே நின்றன. கண்ணை மூடியிருந்த மமசோலிக்கு ஒன்றும் தெரியாது; இன்னும் ஒரு படி ஏறினான். முடித்துக் கண்ணைத் திறந்தவன், என் தட்டு கீழே இறங்கியிருந்ததைப் பார்த்து வெளிறிப்போனான்.

"ஐயோ, என்ன காரியம் பண்ணிட்டீங்க அண்ணே!"

கோசிம் எழுந்து வந்தார். "இவர் பேர் என்ன?"

இத்தனை வருஷம் இந்த ஊர் முற்றங்களில் பாடியவன். ஒருவருக்கும் தெரியவில்லை. "எர்காஷோட வர்ற ஆளுதாங்க" என்றார் ஒரு பெரியவர்.

தொண்டையைச் செருமிக்கொண்டு, "மமசோலி" என்றேன். கரகரவென்றுதான் வந்தது. கடைசிப் பந்திவரை கேட்கட்டும் என்று இன்னொரு தடவை சொன்னேன்.